குதிரைக்கு நான் எடுத்த அளவு

அளவெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வயது இருபத்து நான்கு. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; ஆர்டருக்குச் சாம்பிள் அளந்து அனுப்புகிற வேலை. கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் டீ குடிக்கக்கூடப் போகமாட்டேன். (டெய்லர் என்று நினைத்தவர்கள் உண்டு. டெய்லருக்கு என்னைவிட விவரம் அதிகம்.)

முதலாளிக்குச் சாமளாபுரம் பக்கம் தோட்டம். அங்கே அவர் சவாரி போக ஒரு பெண்குதிரை. எங்களிடம் பனியன் வாங்க ஹாலந்திலிருந்து வந்த பையர் அம்மையார் அதன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரும்பு லாடமே வேண்டாம். கல் பாதையில் மட்டும் ரப்பர் பூட்ஸ் மாட்டுங்கள். அளவு அனுப்பினால் நானே வாங்கி வருகிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். மறுவாரமே லாடத்தைக் கழற்றியாயிற்று. குதிரை சரளையில் கால் வைக்கக் கூசியது.

"கண்ணு, நீதான் அளவுல புலியாச்சே. எடுத்து மெயில் போட்டுரு" என்றார் முதலாளி. ஷிப்மெண்ட் கழுத்தை நெரிக்கிறது. நான் குதிரைக்கு அளவெடுக்கப் போனேன்.

குதிரையைப் பார்த்துக்கொண்ட கருப்பையா அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். முன்னங்காலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "குளம்பு அஞ்சு இஞ்சுதானப்பா இருக்கு? எதுக்கு அஞ்சரைன்னு எழுதுற?"

"சுருக்கத்துக்கு விடணும்ண்ணே."

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். ரப்பர் பூட்ஸ் எதற்குச் சுருங்கப்போகிறது? மூளைக்கு எட்டுமுன் கை எழுதிவிட்டது.

அடுத்த சீசன் ஆர்டர் பேச வந்த அம்மையார் பூட்ஸோடு நேரே தோட்டத்துக்கே வந்துவிட்டார். லாயத்துக்குள் நானும் கருப்பையா அண்ணனும் மாட்டிப் பார்த்தால் லொடலொட. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ, பூட்ஸ் துடைக்கக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த கட்டிங் வேஸ்ட் துணியிலிருந்து நீளமான துண்டுகளை எடுத்துக் குளம்பில் சுற்றி, மேலே பூட்ஸை மாட்டினேன்.

"வேணாம்ப்பா, சொல்லிப்புடுவோம்" என்றார் கருப்பையா அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே, ஆர்டர் போயிரும்!"

முதலாளி ஏறினார். குதிரை சேற்றில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. சரளையில் நாலடி ஓடியதும் ஒரு பூட்ஸ் முன்பின்னாகத் திரும்பி, கழன்று, பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. சுற்றிய துணி அவிழ்ந்து பின்னாலேயே நெளிந்து வந்தது. பாம்பு என்று நினைத்ததோ என்னவோ, குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறந்தது. முதலாளி எருக்குழியில் இறங்கினார்.

அம்மையார் முதலில் குதிரையின் காலைப் பார்த்தார். அடி இல்லை. பிறகு துணியை எடுத்துப் பார்த்தார்.

"இது என் ஆர்டரின் ஊதா நிறம் அல்லவா? அளவெடுத்தது யார்?"

எருக்குழியிலிருந்து ஒரு விரல் நீண்டு என்னைக் காட்டியது.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் மூன்று நாள் என்னை எதிரில் நிற்க வைத்து, ஒவ்வொரு சாம்பிளையும் அம்மையாரே டேப் பிடித்து அளந்தார். (அதற்கு எருக்குழியே தேவலை.) குதிரைக்குச் சில மாதங்களில் குளம்பு இறுகி, பூட்ஸே வேண்டாமென்று ஆகிவிட்டது.

என் கல்யாணத்தில் முதலாளி மேடையேறி இதைப் பெண்வீட்டாரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். இன்றைக்கும் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனால், மனைவி என்னைக் கடை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"ஏனுங்க, நீங்க வண்டியப் பாத்துக்குங்க. புள்ளைக்கு நான் பாத்து வாங்கிட்டு வர்றேன்."

வண்டி பூட்டித்தான் இருக்கும். இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.