பம்பளிமாஸ் மூட்டைக்கு அடியில் இருந்தது

அன்பும் மரியாதையும் நிறைந்த ஹில்டா அக்காவுக்கு,

சிம்பாங் பூலாயிலிருந்து உன் தம்பி சவரிநாதன் மண்டியிட்டு எழுதுவது. மூட்டு மடங்காததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மண்டியிட்டிருக்கிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் சிலிம் ரிவரில் நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். வாட்சாப்பில் அனுப்பினால் உன் மருமகள்தான் வாசித்துக் காட்டுவாள் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன் உன் மகன் ஜோனதன் கல்யாணத்துக்கு ஒரு மூட்டை பம்பளிமாஸ் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றேன். இன்றுவரை குத்திக்காட்டுகிறாய். மூட்டை காரில்தான் இருந்தது அக்கா. அதை எடுத்திருந்தால் அடியில் இருந்தது தெரிந்துபோயிருக்கும்.

அப்போது என் மகள் ஜோவானுக்குப் பதின்மூன்று வயது. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைகிறது, அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் பிரேஸ் மாட்டவேண்டும், குளிக்கிற நேரம் தவிர கழற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண்பிள்ளை, நாளைக்கு யார் கேட்டு வருவார்கள் என்று பயந்து உங்கள் யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. ஒருமுறை சட்டைக்குள் பிரேஸோடு அவள் நின்றதைப் பார்த்து, "பிள்ளை போலீஸ்காரி மாதிரி நிக்குதே லா!" என்று அத்தான் மெச்சினார். நாட்டிய வகுப்பு என்று புளுகினேன். உடனே ஆடிக்காட்டச் சொன்னார். காய்ச்சல் என்று இன்னொன்றும் புளுகினேன்.

கல்யாணத்தன்று கவுனுக்குள் துருத்திக்கொண்டு தெரியுமே என்று பிரேஸைக் கழற்றி, காரின் பின்பெட்டியில் போட்டு, யார் கண்ணிலும் படாமலிருக்க மூட்டையை அதன்மேல் ஏற்றிவைத்தேன். பூசை, சாப்பாடு, போட்டோ, மறுபடி சாப்பாடு என்று சாயங்காலம்வரை கார் வெயிலில் வெந்தது. திறந்து பார்த்தால் பிரேஸ் இளகி, பம்பளிமாஸுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் குழிந்து கிடக்கிறது! டாக்டர் திட்டுவாரே என்று வெந்நீரில் முக்கி, முழங்காலால் அழுத்தி நானே நிமிர்த்தினேன். அடுத்த அப்பாயின்மெண்டுக்கு மூன்று மாதம் இருந்தது. "குத்துதுப்பா" என்பாள். "குத்துனாதான்மா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வாரம் முதுகு வலிக்கிறதென்று ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தாள். பதின்மூன்று வயதில் பிரேஸை மாட்டியபோது வளைவு இருபத்தொன்பது டிகிரி, இப்போது முப்பத்திரண்டு. "இத்தனை வருஷத்துல இவ்வளவுதானா? நல்லாத்தான் தாங்கியிருக்கு" என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம், மூன்று டிகிரி. என் பிள்ளையின் முதுகை நானே வளைத்துவிட்டேன் அக்கா.

இதை உன்னோடு வைத்துக்கொள். படித்ததும் கிழித்து அடுப்பில் போடு. முக்கியமாக, உன் மருமகள் காதுக்குப் போகவே கூடாது. அத்தானுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசீர். மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

பாவியான உன் தம்பி,
சவரிநாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜோவான் வாசித்துவிட்டாள். "மூணு டிகிரி அளக்கும்போதே முன்னப்பின்ன வரும்னு டாக்டர் சொன்னாரு லா, நீங்கதான் காதுல வாங்கல. எனக்கு வலிச்சது அது இல்லப்பா. யாருக்கும் தெரியக்கூடாது, தெரியக்கூடாதுன்னே வளர்த்தீங்க பாருங்க. முப்பத்துநாலு வயசாச்சு, இன்னும் ஆளுங்களப் பார்த்தா சட்டையை இழுத்து விட்டுக்கிறேன்" என்றாள். ஆகவே அக்கா, கடிதத்தைக் கிழிக்காதே. உன் மருமகளையே உரக்க வாசிக்கச் சொல், எல்லாரும் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் ஜோவானும் வருகிறோம். பம்பளிமாஸை இந்த முறை முன்சீட்டில் வைத்துக் கொண்டுவருகிறேன்.