ஒன்பதுக்கு இடமில்லை

"கூட்டினா ஒன்பது வரணும் ரங்கா. இல்லேன்னா அந்த நம்பர் பேடா, வேண்டவே வேண்டாம்," என்றார் முதலாளி கோவிந்தப்பா.

ரங்கா தலையில் கைவைத்துக்கொண்டான். பெங்களூர் தொம்மலூரில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியின் ரகசியப் பூட்டைச் சோதிக்க, மறுநாள் வங்கி அதிகாரி சில்வெஸ்டர் வருகிறார். ஒரு மணி நேரத்தில் அவரால் உடைக்க முடியாவிட்டால் கம்பெனிக்கு ஆர்டர், ரங்காவுக்கு வேலை நிரந்தரம். உடைத்துவிட்டால் இரண்டும் இல்லை.

"சார், பூட்டுக்கு ரெண்டு பிரைம் நம்பர் வேணும். ஒண்ணையும் அதையும் தவிர வேற எதாலயும் வகுபடக் கூடாது. கூட்டி ஒன்பது வந்தா ஒன்பதால வகுபட்டுடும். பதினெட்டு, இருபத்தேழு, எதை வேணா பாருங்க."

"அப்போ இலக்கத்தை முன்னபின்ன மாத்திப் போடு."

"எப்படிப் போட்டாலும் கூட்டுத்தொகை அதேதானே சார்!" ரங்காவுக்கு எரிச்சலை விட உற்சாகம்தான் அதிகம்.

"சரி, ஆறு? என் வீட்டம்மா நம்பர்."

"மூணால வகுபடும்."

"மூணு?"

"அதுவும்தான்."

"ஏன்ப்பா, எனக்கு ராசியான எதையும் உன் கணக்கு விட்டு வெக்காதா?"

"ஒண்ணு இருக்கு சார். சூரியனோட நம்பர்!"

கோவிந்தப்பா அரைமனதாகத் தலையாட்டினார். ரங்கா கம்ப்யூட்டரைக் குடைந்து, கூட்டினால் ஒன்று வரும் இரண்டு பகா எண்களைப் பிடித்தான். ஒவ்வொன்றும் நாற்பது இலக்கம். கம்ப்யூட்டர் கூட்டியதை முதலாளி நம்பவில்லை. ரங்கா இலக்கம் இலக்கமாக வாசிக்க, ரிசப்ஷனிஸ்ட் அம்புஜம் எழுதிக் கூட்டினாள். ஒன்றேதான். போன் அடித்தது, அவள் எடுக்க ஓடினாள்.

முதலாளியின் முகம் இன்னும் தெளியவில்லை. "ரெண்டையும் பெருக்கினா?"

"அப்பவும் ஒண்ணுதான். அந்த விடையை ஊருக்கே சொல்லலாம் சார். பெருக்கறது சுலபம், விடையிலேர்ந்து அந்த ரெண்டையும் பிரிச்செடுக்கறதுதான் கஷ்டம். அதுதான் பூட்டே!"

"ஊருக்கே சொல்லலாமா?" கோவிந்தப்பா எழுந்தே விட்டார். "அம்புஜம்! நாளைக்கு வாசல்ல ரங்கோலியில அந்த நம்பரைப் போடும்மா. சில்வெஸ்டர் அசந்து போகணும்!"

ரங்கா சிரித்துக்கொண்டே, 'ரெண்டையும் பெருக்கின விடை' என்று தலைப்புப் போட்டு, எண்பது இலக்க எண்ணை அச்செடுத்து அவள் மேஜையில் வைத்தான்.

மறுநாள் சில்வெஸ்டர் வந்தார், உட்கார்ந்தார், டைரியைப் பார்த்து எதையோ தட்டினார். காபி வருவதற்குள் பூட்டு திறந்துவிட்டது.

"ஒன்பது போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கத்தினார் கோவிந்தப்பா.

"முடியவே முடியாது சார்! வாசல்ல இருக்கறது வெறும் விடை! அதை வெச்சு யாராலயும்…"

கையில் கோலப்பொடி ஒட்டியிருக்க, காபித் தட்டுடன் வந்த அம்புஜம் குறுக்கிட்டாள்.

"அந்த நீள நம்பர் சாக்கடை வரைக்கும் போகுது சார். அதான் நேத்து நான் கூட்டின ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாப் போட்டு, நடுவுல பெருக்கல் குறிக்கு சேவந்திப் பூ வெச்சிட்டேன்."