மாமாவின் கட்டில் வரைக்கும் சிக்னல்

பம்மல்,
25.10.2009

ஷார்ஜாவில் ஏ.சி. காற்றில் ஊறிக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் ஃபைஸுக்கு, பம்மலில் கொசுக்களுக்கு மூன்று வேளையும் விருந்து வைத்துக்கொண்டிருக்கும் உன் அக்கா புருஷன் ஜாபர் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தா, அதாவது என் மாமா, சுகம். உன் அக்கா சாஜிதா சுகம், அவள் குரல் அதைவிட சுகம், அவள் பேசும்போது நீ போனைக் காதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிப்பாய் என்று எனக்குத் தெரியும். என் மகள் தபஸ்ஸும் தினமும் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் காலேஜுக்குப் போய் வருகிறாள். அங்கே நீயும் உன் ரூமில் இருக்கும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறோம்.

மச்சான், போன வாரம் நீ போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க மச்சான், நீங்களாவது விளையாடாம சொல்லுங்க, நான் கெளம்பி வரணுமா வேணாமா?" என்று. நான் "ஹலோ, ஹலோ, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கேட்டது. பக்கத்தில் உன் அத்தா படுத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்ல முடியும்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். உன் சிநேகிதன் முதாசிர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் பதிலைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நான் வாயைத் திறந்தாலே கிண்டல் என்று உன் குடும்பத்தில் எனக்குப் பேர் ஆகிவிட்டது. அதனால் நடந்ததை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

அத்தாவை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது உனக்குத் தெரியும். கிட்னி டாக்டர் என் தோளில் கைபோட்டு, "இனிமே இங்க அலைய வேணாம் பாய், வீட்லயே வெச்சிப் பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவு தேறிவிட்டார் என்று வைத்துக்கொள். பின்னால் இருக்கும் அறையில் கட்டில் போட்டோம். நீ அனுப்பிய லேப்டாப்பை அவர் நெஞ்சுக்கு நேராக வைத்து உன்னைக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புள்ள கலங்கலாத் தெரியறான். தண்ணிக்குள்ள குந்தியிருக்கிற மாரி இருக்கான்" என்றார். உண்மைதான், உன் வாய் ஒரு பக்கம் நின்றுவிடும், குரல் தனியாக வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். நெட் பெட்டி ஹாலில் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பின் அறைக்கு வருவதற்குள் சிக்னல் களைத்துப்போய்விடுகிறது என்று தபஸ்ஸும் சொன்னாள். சரி, ஒயரே இழுத்துவிடலாம் என்று ஹாலில் இருந்து கட்டில் வரை இழுத்தோம். நீ பேசுவதற்குள் எலி கடித்துவிட்டது. வேறு ஒயர் போட்டோம், அதையும் கடித்தது. "இந்த வூட்ல எலிக்கு மட்டுந்தான் நெட்டு நல்லா கெடைக்குது" என்று உன் அக்கா சொன்னாள். அத்தோடு ஒயரை விட்டுவிட்டோம்.

பெட்டியை மாட்டிவிட்டுப் போன ரவியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், வழியில் நிற்கும் பீரோவையும் தட்டிப் பார்த்தான். "பாய், செவுரு பழைய காலத்து செவுரு. நடுவுல இரும்பு பீரோ வேற குந்திகினு கீது. சிக்னல் வந்து அதுல முட்டிகினு திரும்பிப் போயிடுது" என்றான். "அது என் கல்யாண பீரோ, எங்கயும் போவாது. சிக்னல சுத்திகினு வரச் சொல்லு" என்று சாஜிதா அடுப்படியில் இருந்து கத்தினாள். நானும் ரவியும் அவளுக்குத் தெரியாமல் நகர்த்தினோம். நகர்ந்தது, மச்சான், நன்றாகவே நகர்ந்தது, நகர்ந்து போய் அடுப்படி வாசலில் சிக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் வரவில்லை அந்தப் பக்கமும் போகவில்லை, உன் அக்கா உள்ளே. மத்தியானம் வரை உள்ளே. உன் அத்தா கட்டிலில் இருந்து, "மாப்ள, அவசரப்படாதீங்க. வீடு எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க" என்கிறார். உள்ளே இருந்து இவள், "அத்தா, இன்னிக்கு உங்க கஞ்சில உப்பு கெடையாது" என்கிறாள். "டாக்டர் அத எப்பவோ நிறுத்திட்டாரும்மா, வேற ஏதாவது சொல்லி மெரட்டு" என்றார். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் பீரோவை விட்டுவிட்டு ஓடினேன். கடைசியில் பீரோவும் வெளியே வந்தது, சாஜிதாவும் வெளியே வந்தாள், பீரோவுக்கு ஒரு கால் போனது, எனக்கு இரண்டு நாள் சோறு போனது. சிக்னல் மட்டும் அதே ஒற்றைக் கோடு.

பெட்டியை உயரத்தில் வைத்தால் தூரம் போகும் என்று சீட் தைக்க என் கடைக்கு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார். உயரம் என்றால் எங்கே? ஹாலில் தபஸ்ஸுமுக்குத் தூளி கட்டிய கொக்கி சும்மாதானே இருக்கிறது, அதில் உன் அக்காவின் பழைய புடவையைக் கட்டி அதற்குள் பெட்டியைப் படுக்கவைத்தேன். அது உள்ளே பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சமத்தாகப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு இட்லிக்கடை செல்லியம்மாள் வாசலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி சாஜிதா, பொண்ணு காலேஜ் போவுது, இப்போ போயி தூளி கட்டிகினு கீற?" என்று கேட்டாள். "ஐயோ அக்கா, அது நெட்டு!" என்றாள் இவள். "இன்னா பேரோ வெச்சிக்கோ, நல்லாருக்கட்டும்" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குத் தூளி இறங்கிவிட்டது. அடுத்து தபஸ்ஸும் எங்கேயோ படித்துவிட்டு வந்து, பெட்டியின் கொம்புக்குப் பின்னால் பளபளப்பான தகடு வைத்தால் சிக்னல் ஒரே பக்கமாகப் பாயும் என்றாள். நம் வீட்டில் பெரிய தகடு என்றால் பிரியாணி தேக்சா மூடிதான். வைத்தேன். பாய்ந்தது, மச்சான். பின் அறைப் பக்கம் இல்லை, ஜன்னல் வழியாகத் தெருவில் பாய்ந்து செல்லியம்மாள் வாசலில் போய் முழுசாக நின்றது. தபஸ்ஸும் லேப்டாப்போடு அந்தப் படியில் உட்கார்ந்து, "ஃபைஸ் மாமா பளிச்சுனு தெரியறாரு!" என்று கத்துகிறாள். உன் அத்தா கட்டிலில் படுத்தபடி, "அப்போ என்ன செல்லியம்மா வூட்லதான் கொண்டுபோய்ப் போடணுமா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டுவிட்டால் தீர்ந்தது. இது முதல் நாளே எனக்குத் தோன்றியது, ரவிக்கும் தோன்றியிருக்கும், சாஜிதாவுக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் நம் தெருவில் படுக்கையில் கிடக்கிறவருடைய கட்டில் ஹாலுக்கு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். உன் அம்மாவுக்கு அப்படித்தான் ஹாலில் போட்டோம். அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் சுவரோடும் பீரோவோடும் தேக்சா மூடியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே சொன்னார். "நெட்டு என்கிட்ட வராது மாப்ள. என்னத் தூக்கினு போயி நெட்டுகிட்ட போடுங்க."

"வேணாத்தா. பீரோவ வேணா வித்துடறேன்" என்றாள் சாஜிதா.

"அது எதுக்கும்மா? ஹால்ல காத்து நல்லா வரும். நாலு மனுசங்க பேசறது காதுல விழும்" என்றார்.

நானும் ரவியுமாகத் தூக்கினோம். கட்டில் நல்ல கனம், பழைய தேக்கு. மற்றபடி கனம் ஒன்றும் இல்லை. ஹாலில் இறக்கி, போர்வையைச் சரிசெய்வதற்குள் செல்லியம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்துவிட்டாள். "ஐயோ பெரிய பாயே, எங்கள வுட்டுட்டுப் போறியே!" என்று தலைமாட்டில் நின்று ஒரே அழுகை. உன் அத்தா கண்ணைத் திறந்து, "செல்லியம்மா, அழுவறதுன்னா கொஞ்சம் தள்ளி நின்னு அழு. ஃபேன் காத்த மறைக்கிற" என்றார். அவளும் தள்ளி நின்றாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் மோதினார் சைக்கிளை ஓசைப்படாமல் நிறுத்திவிட்டு வந்து, என் காதோடு, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க பாய்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து பதில் வந்தது. "இன்னும் நேரம் குறிக்கல மோதினாரே. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க!" மோதினார் பாவம், நின்ற இடத்திலேயே வேர்த்துப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். இதை அவசியம் எழுதச் சொன்னது உன் அத்தாதான். "புள்ள சிரிப்பான்" என்றார்.

ஆகவே இப்போது சிக்னல் பிரமாதம். நேற்று சாயங்காலம் நீ பேசியபோது எல்லாக் கோடும் நின்றது. உன் ரூமில் கொடியில் காயும் லுங்கியின் கட்டம்கூடத் தெரிந்தது. உன் அத்தாவும் "இப்ப நல்லாத் தெரியுது" என்று சொன்னதை நீயே கேட்டாய். அதனால் உன் கேள்விக்கு அவர் சொல்லச் சொன்ன பதிலை அவர் வாயாலேயே எழுதுகிறேன். "அங்க வேலை கம்மியாயிடுச்சாம். லீவுல போறவங்களத் திரும்பக் கூப்பிடறது இல்லியாம். புள்ள கைல இருக்கிற வேலைய வுட்டுட்டு வர வேணாம். தெனம் பாக்கறேன், அது போதும்." எனவே மச்சான், நீ வர வேண்டாம். இது கிண்டல் இல்லை. அத்தா நன்றாக இருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்காதே. உன் கையில் இருக்கும் வேலைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், மேஸ்திரிக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். ரூம் பிள்ளைகளுக்கு எங்கள் எல்லோருடைய சலாமும். செல்லியம்மாள் உன்னை விசாரித்தாள், நெட்டு எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
உன் அக்காவைச் சகித்துக்கொண்டிருக்கும்
ஜாபர்

பின்குறிப்பு: மேலே இருப்பதை எல்லாம் உன் அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மோதினார் வந்த இடத்தில் சிரித்தார். "நல்லா எழுதிக்கிறீங்க மாப்ள, ஒட்டிடுங்க" என்றார். ஒட்டவில்லை. கடைக்கு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு ஆட்டோ சீட்டின் மேல் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். இது அவருக்கும் தெரியாது, உன் அக்காவுக்கும் தெரியாது.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பியது தேறிவிட்டார் என்று இல்லை. இனிமேல் செய்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை என்று.

நேற்று நீ வந்து உட்கார்ந்தபோது முழுச் சவரம் பண்ணியிருந்தாய். கன்னம் பளபளவென்று இருந்தது, உன் அக்கா உன்னைக் கிண்டல் பண்ண வாயெடுத்தாள். அதற்குள் அத்தா, "தாடி உனக்கு நல்லா இருக்குடா. எடுத்துடாத" என்றார். நீ சிரித்தாய், அவளும் சிரித்தாள், கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தீர்கள், நம் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் கிண்டல்தானே. நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பார்த்தது லேப்டாப்பை இல்லை, மச்சான். அதற்குப் பக்கத்தில் இருந்த தலையணையை.

சாஜிதா அடுப்படிக்குப் போனதும் குனிந்து கேட்டேன். "எப்பலேர்ந்து மாமா?"

"பெருநாளுக்கு முன்னாடியே போயிடுச்சு மாப்ள. நெழலு மாரிதான் தெரியுது. அவகிட்ட சொல்லாதீங்க. எதையாவது சரி பண்ணிகினு இருக்கிற வரைக்கும் அவ அழ மாட்டா."

நான் இவ்வளவு நாளும் சுவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்பாதே. புறப்படு. வேலை போனால் போகட்டும், இங்கே என் கடையில் இன்னொரு தையல் மிஷின் சும்மாதான் நிற்கிறது. கம்பளி, சென்ட்டு என்று கடை கடையாக ஏறிக்கொண்டிருக்காதே. வந்து சேர்ந்ததும் ஒன்றும் பேசாதே. நேராகக் கட்டிலுக்குப் போய் அவர் கையை எடுத்து உன் கன்னத்தில் வை. "தாடி எங்கடா?" என்று அவர் உன்னைத் திட்ட வேண்டும். அது திரும்ப முளைப்பதற்குள் வந்துவிடு.