பதினேழு துண்டு

ஊரில் உள்ளதையெல்லாம் எடை போடுகிறவனுக்குத் தன் எடை தெரியாது. அதற்கு நானே சாட்சி.

திண்டுக்கல் வெங்காய மண்டியில் இருபத்திரண்டு வருடமாக எடை போடுகிறேன். சின்ன வெங்காயம். மூட்டையைப் பார்த்தாலே கிலோ சொல்லுவேன். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். படிப்பு ஏழாவது வரை. இத்தனை வருடத்தில் அந்த எடை மேடையில் நான் ஏறி நின்றதில்லை. நிற்க வைத்தது என் அக்கா.

அக்கா பெயர் பாக்கியம். சின்னாளப்பட்டியில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை மதுரைக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. ஆட்டுக்கறி கிட்டேயே போகக் கூடாது. ("ஊருக்கே சட்னி அரைச்சவளுக்கு உப்பு கிடையாதுங்கிறாய்ங்க" என்பாள். அழுது பார்த்ததில்லை.)

வேறு கிட்னி வைக்க வேண்டும் என்றார்கள். மச்சானுக்கு சர்க்கரை இருக்கிறது, அவர் கொடுக்க முடியாது. என்னுடையது பொருந்தியது. என் மனைவி ஜெயா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் சோறு போடும்போது, "குடுங்க. ஒண்ணை வச்சுக்கிட்டு இருக்கிறவுக இருக்காகல்ல" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "கிட்னி நல்லா இருக்கு. அதைச் சுத்தி இருக்கிற ஆளுதான் ஜாஸ்தி" என்றார். தொண்ணூற்றேழு கிலோ இருந்தேன். எண்பத்தைந்துக்கு வந்தால்தான் ஆபரேசன்.

வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஜெயா சோற்றை டம்ளரில் அளந்து போட்டாள். காலையில் மண்டி வரை நடந்தேன். நாலு மாதத்தில் எண்பத்தொன்பது. அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். சோறு அதேதான், நடையும் அதேதான், எடையும் அதேதான். தினமும் காலையில் லாரி வருமுன் மேடையில் ஏறி நிற்பேன். சுமை தூக்கும் அந்தோணி எட்டிப் பார்ப்பான்.

"அண்ணே, சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சுக்கங்க" என்பான். என் சட்டை வேட்டியைச் சொல்கிறான்.

ஐந்து வாரம் என்றால் அக்காவுக்குப் பத்துத் தடவை ஊசி. என் வயிறு அசையாததற்கு அவள் கை வீங்கிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்ல ஒரு பெண் இருந்தார். எல்லோரும் டயட் மேடம் என்பார்கள். என்னைவிட ரொம்பச் சின்ன வயசு. அவரிடம் போய் நின்றேன்.

"பட்டினி கிடக்கேன். இறங்கல" என்றேன்.

"உடம்பு புத்திசாலிண்ணே. நீங்க தினமும் ஒரே அளவு கம்மியாக் குடுக்கிறீங்க. அது பழகிக்கிட்டு, செலவையும் கம்மி பண்ணிருச்சு. மாத்தி மாத்திக் குடுத்துப் பாப்போம். அஞ்சு நாள் கலோரி கம்மி, ரெண்டு நாள் கொஞ்சம் கூட. வாரத்து மொத்தம் மாறாது."

"கலோரின்னா?"

"சாப்பாட்டோட எடைன்னு வச்சுக்கங்க. தராசுல வைக்க முடியாத எடை."

இது எனக்குப் புரிந்தது. (புரிந்தது என்று நினைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பம்.) ஒரு அட்டையில் நாள் நாளாகக் குறித்துக் கொடுத்தார். கூடுதல் நாளில் இரண்டு இட்லி அதிகம், ஒரு முட்டை, ஒரு கரண்டி சோறு, கோழித் துண்டு ஒன்று. நான் மண்டி வழக்கப்படி பெயர் வைத்துக்கொண்டேன். கூடுதல் நாள் ஏத்து நாள். குறைச்சல் நாள் இறக்கு நாள்.

இந்தச் சமயத்தில் அக்கா காதுகுத்து வைத்தாள். அவளுடைய கடைசிப் பிள்ளை தர்ஷினிக்கு எட்டு வயது. கன்னிவாடி மலையடிவாரத்தில் எங்கள் குலசாமி கோயில். அங்கே கிடா வெட்டிக் காது குத்துவதாக நேர்ச்சை. அக்காவுக்கு உடம்பு முடியாமல் போய் தள்ளிக்கொண்டே வந்தது.

"ஆபரேசன் முடியட்டும்க்கா. என்ன அவசரம்?"

"முன்னாடியே முடிச்சிருவோம்."

"ஏன்?"

"சும்மாதான்."

அந்தச் சும்மாவுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மறுநாள் திங்கள் எனக்கு ஆஸ்பத்திரியில் எடையும் ரத்தச் சோதனையும். அது சரியாக இருந்தால் ஆபரேசனுக்குத் தேதி கொடுப்பார்கள். அட்டையைப் பார்த்தேன். அந்த ஞாயிறு இறக்கு நாள்.

அக்காவிடம் சொன்னேன்.

"ஏலே முருகேசா, தாய்மாமன் இலையில கை வச்சாத்தான் பந்தி ஓடும். நீ மோரக் குடிச்சிட்டு உக்காந்திருந்தா சனம் என்னையத்தான் பேசும்" என்றாள்.

அதுவும் நியாயம். எங்கள் வழக்கம் அது. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்துவது தாய்மாமன். முதல் இலை அவனுக்கு. அவன் சாப்பிடாமல் அடுத்தவன் வாயில் சோறு போகாது.

யோசித்தேன். மண்டிக்கு ஒரு லோடு வந்தால் எல்லா மூட்டையும் ஒரே எடை இருக்காது. ஒன்று நாற்பத்தெட்டு, ஒன்று ஐம்பத்திரண்டு. மொத்தம் சரியாக இருந்தால் லோடு சரி. மேடமும் மொத்தம் மாறாது என்றுதான் சொன்னார். இரண்டு வாரத்தில் எனக்கு ஏத்து நாள் நாலு. அந்த நாலையும் சாப்பிடாமல் விட்டுவிட்டு, மொத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது.

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றாள் ஜெயா.

"இருபத்திரண்டு வருசமா எடை போடுறேன்" என்றேன்.

பதிமூன்று நாள் இறக்கு நாளாகவே ஓட்டினேன். மதியம் மண்டியில் வெங்காயம் கண்ணைக் கரிக்கிறதா, பசி கரிக்கிறதா என்று தெரியாது. சனிக்கிழமை மேடையில் ஏறினேன். எண்பத்தாறு. எனக்குப் படிப்பு வராமல் போனது நாட்டுக்கு நஷ்டம் என்று தோன்றியது.

ஞாயிறு காலை தர்ஷினி மடியில் உட்கார்ந்தது. முன்னெல்லாம் என் வயிறு இடித்துக் கீழே சறுக்கும்.

"மாமா, ஒங்க மடி பெருசாயிருச்சு" என்றது. பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஊசி ஏறும்போது என் கட்டைவிரலைக் கடித்தது. நான் அசையவில்லை.

பிறகு பந்தி. முதல் இலையில் நான். வாளியும் கரண்டியுமாக அக்காவே வந்தாள். வேறு ஆளை விடவில்லை. ஈரல் வைத்தாள். சாப்பிட்டேன்.

"எப்புடி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? மிளகு தெரியுதா? வெந்துருக்கா, இல்ல ரப்பரா இருக்கா?"

"வெந்துருக்கு. மிளகு கடைசியில தெரியுது."

இன்னொன்று வைத்தாள். "இது?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக அவள் கறி தொடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மெல்லும்போது அவள் தாடையும் லேசாக அசைந்தது.

எனக்குப் பேச வராது. கல்யாணத்தன்று ஜெயாவிடம் பேசியது நாலு வார்த்தை. அன்றைக்குக் கறியைப் பற்றிப் பேசினேன். நெஞ்செலும்பில் கொழுப்பு உருகியிருக்கிறது என்றேன். தொடைக்கறியில் மசாலா உள்ளே வரை போயிருக்கிறது என்றேன். ஒவ்வொன்று சொன்னதும் ஒரு துண்டு விழுந்தது. விழுந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. நாலு ஏத்து நாள் அளவும் எப்போதோ தாண்டிவிட்டது. எழுந்துவிடலாம்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பந்தி முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. காலை மடக்கி உட்கார்ந்தவன் அப்படியே இருந்தேன். அடுத்த பந்திக்கு ஆள் நின்றது. நூறு பேருக்கு மேல் பார்க்கிறார்கள். மச்சான் வீட்டார் எல்லாம் இருக்கிறார்கள்.

அந்தோணி வந்தான். "அண்ணே, கைகுடுக்கவா, கொக்கி போடவா?" என்றான். மூட்டைக்குப் போடுகிற கொக்கி. அவனும் மச்சானும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். தாய்மாமன் மாலை மோர் அண்டாவில் விழுந்தது.

திங்கள்கிழமை ஆஸ்பத்திரி மிஷினில் ஏறினேன். எண்பத்தொன்பதரை.

அதுகூடப் பரவாயில்லை. ரத்தச் சோதனை வந்தது. சர்க்கரை கூடியிருந்தது. கிட்னி வேலை செய்வதைக் காட்டுகிற அளவும் ஏறியிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவை நல்லா இருந்துச்சே. உங்க கிட்னியையே இனி பார்க்கணும் போல இருக்கு. வெளிய உக்காருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் அக்கா இருந்தாள். திங்கள் அவளுக்கும் மிஷின் நாள். ஜெயா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒனக்கும் வந்துருச்சாடா?" என்றாள் அக்கா.

"தெரியல."

"எனக்கு ஒண்ணும் வேணாம்டா அப்பு. நான் மிஷின்லயே ஓட்டிக்கிறேன். நீ நல்லா இருந்தாப் போதும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருந்த ஒரே வழி நான். அதையும் பதிமூன்று நாள் பட்டினி போட்டு, ஒரே நாளில் அடைத்துவிட்டேன். அப்போது அது எனக்குத் தெரியாது. எனக்கும் நோய் என்றே நினைத்தேன்.

டயட் மேடம் கையில் தாளோடு வந்தார்.

"அண்ணே, நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"கொஞ்சம் கறி."

"கொஞ்சம்னா?"

பெஞ்சிலிருந்து அக்கா குரல் வந்தது.

"பதினேழு துண்டும்மா. ஈரல் நாலு, நெஞ்செலும்பு மூணு, தொடைக்கறி எட்டு, தலைக்கறி ரெண்டு. குடல் தனி. அத எண்ண முடியல. சோறு நாலு தடவை. பாயாசம் ரெண்டு டம்ளர்."

"எண்ணுனியா?" என்றேன்.

"வேற என்ன வேலை எனக்கு? திங்கத்தான் முடியல, எண்ணவுமா கூடாது?"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். காத்திருந்த சனமெல்லாம் என் வயிற்றைப் பார்த்தது. ஒரு நர்சு வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. அட்டை, ஏத்து நாள், லோடு கணக்கு. ஜெயா சுவரைப் பார்த்தபடியே, "இருபத்திரண்டு வருசமா எடை போடுறாரும்மா" என்றாள்.

"அம்புட்டுக் கறி தின்னா மறுநாள் அந்த அளவு ஏறத்தாண்ணே செய்யும். நோயா இருக்காது. டாக்டர்ட்ட சொல்றேன்" என்றார் மேடம். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏத்து நாள் எதுக்குக் குடுத்தேன்? இவன் நம்மளப் பட்டினி போடலன்னு உடம்பு நம்பணும். நீங்க ரெண்டு வாரம் பயமுறுத்திட்டு, ஒரே நாள்ல குமிச்சிட்டீங்க. இறங்குனதுல பாதி வெறும் தண்ணி. உடம்பு வெங்காய லோடு இல்லண்ணே."

டாக்டர் ஒரு மாதம் தள்ளிவைத்தார்.

ஒரு மாதம் என்றால் எட்டுத் தடவை. எட்டுக்கும் நான் கூடப் போனேன். அவள் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்தபடி நாலு மணி நேரம் உட்காருவேன். என் ஒரு இலைக்கு அவளுக்கு எட்டு ஊசி. இதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த மாதம் அட்டையில் இருந்தபடி செய்தேன். இறக்கு நாள் பழகிவிட்டது. ஏத்து நாள்தான் கஷ்டம். ஐந்து இட்லி என்றால் மூன்றாவதிலேயே கை நின்றுவிடும், பயத்தில். ஜெயா எதிரே உட்கார்ந்து, "அட்டையில அஞ்சு போட்டிருக்கு" என்பாள். தின்பேன். இளைக்கத் தின்ன வேண்டும் என்பதை என்னால் இன்றைக்கும் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் எடை நகர்ந்தது. எண்பத்தெட்டு, எண்பத்தாறரை. கடைசியில் எண்பத்து நாலு அறுநூறு. ரத்தமும் சரியாக இருந்தது. மண்டியில் அந்தோணி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆபரேசன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா மறுபடி கடை திறந்துவிட்டாள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறாள். கறியும் அளவாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவாள். ஜெயா கறி எடுப்பாள். பரிமாறுவது நான். கணக்காக இரண்டு துண்டு வைப்பேன்.

அவள் இலையைப் பார்ப்பாள். பிறகு தன் இடுப்புக்குக் கீழே, தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொள்வாள்.

"எனக்கு ரெண்டு போதும்டா. நீ குடுத்தது கேக்க மாட்டேங்குது. அதுக்குப் பதினேழு பழக்கம்" என்பாள்.

தர்ஷினி சிரிக்கும். ஜெயா சிரிப்பாள். இன்னொரு துண்டு வைத்துவிட்டு, வாளியைப் பிடித்தபடி அவள் பக்கத்திலேயே நிற்பேன்.

"எப்புடிக்கா இருக்கு?" என்று கேட்பேன்.