வெந்நீர் அண்டாவில் ரேடியோ

தகரப் பெட்டிக்குள் போனதிலிருந்து ரேடியோ வாயைத் திறக்கவில்லை. உஸ்ஸென்று இரைந்துகொண்டே கிடந்தது. வேம்புலிக்கு அதை ஓங்கி ஒரு அறை அறையலாம் போலிருந்தது.

யுத்த காலம். முத்தாபுதுப்பேட்டைக்கு சர்க்கார் கொடுத்த பாட்டரி ரேடியோ அது. அது வருமுன் அவன் வெறும் பட்டி வேம்புலி. பயிரை மேய்ந்து பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டிக்குக் காவல். இப்போது ரேடியோ வேம்புலி. கர்ணமே நின்று இவனிடம் செய்தி கேட்கிறார்.

காலையில் தாலுகா ஆபீசிலிருந்து காகிதம் வந்திருந்தது. ஆறு மணிக்கு ஆள் வந்து ரேடியோ பேசுகிறதா என்று பார்ப்பார். பேசாவிட்டால் பக்கத்து ஊர்த் திருமழிசைக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று வேம்புலி தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். அப்புறம் ஆயுசு முழுக்க மாட்டோடு மாடாக நிற்க வேண்டியதுதான்.

எலி கடிக்காமலிருக்க நேற்றுதான் பூந்தமல்லி தகர வேலைக்காரர் ஷேக் தாவூதிடம் சொல்லி அந்தப் பெட்டியைச் செய்திருந்தான். ஆளனுப்பி அவரையே வரவழைத்தான்.

"இன்னா பாய் இது? தகரத்துல கரண்டு ஓடும், மரத்துல ஓடாது. அப்ப தகரத்துக்குள்ள இன்னும் ஜோராத்தான பேசணும்?"

"நியாயந்தான் அண்ணாத்தே. சத்தம் வரதுக்குன்னு ஓட்டை போட்டோமே, அது வழியா கரண்டு ஒழுகிப் போவுது போலகீது."

ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தார். உஸ்ஸும் பாதியாகக் குறைந்தது.

"தகரம் மட்டமான சாமான்," என்றான் வேம்புலி. "செம்புலதான் கரண்டு பிச்சிகினு ஓடுமாம்."

வீட்டில் இருந்த ஒரே பெரிய செம்பு, பெண்டாட்டி எல்லம்மாவின் வெந்நீர் அண்டா. பெட்டியைப் பிரித்து, ரேடியோவை அண்டாவுக்குள் இறக்கி, செம்புத் தாம்பாளத்தால் மூடினார்கள். காதை வைத்துக் கேட்டார்கள். கிணற்றுக்குள் எவனோ உஸ்ஸென்பது போல் கேட்டது. மணி ஐந்தரை.

புல் மூட்டையோடு உள்ளே வந்த எல்லம்மா அண்டாவைப் பார்த்தாள்.

"யோவ், குளிக்கிற அண்டாவுல இன்னாத்த வேவ வெச்சிகினு கீற?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ரேடியோவைத் தூக்கி வாசலில் இருந்த வைக்கோல் போரின்மேல் வைத்துவிட்டு அண்டாவோடு போய்விட்டாள்.

வைக்கோல் போரிலிருந்து கணீரென்று செய்தி வாசிக்க ஆரம்பித்தது.

வேம்புலி வாயைப் பிளந்தான். "வைக்கல்ல கரண்டு ஓடாதே பாய்?"

தாவூத் தாடியைச் சொறிந்தார். "அதான் வெசயமே. ஓடற சாமான் வெளியிலயே எல்லாத்தையும் மறிச்சிக்குது, உள்ள ஒண்ணும் உடமாட்டேங்குது. மரம், வைக்கல் எல்லாம் நமக்கென்னன்னு வழி உட்டுடுது. நாள் பூரா நாமதான் அதும் கழுத்த நெரிச்சிகினு இருந்திருக்கோம்."

சரியாக ஆறு மணிக்கு தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகன் அய்யாசாமி மாட்டு வண்டியில் வந்து இறங்கினான். வேம்புலி குமிழை முழுசாகத் திருகினான். தெருவே கூடிவிட்டது. அய்யாசாமி ஒரு நிமிஷம் கேட்டான், காகிதத்தில் கோடு போட்டான், ரேடியோவைத் தூக்கி வண்டியில் வைத்துக் கயிறு கட்டத் தொடங்கினான்.

வேம்புலி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அதான் பேசுதே நைனா, அப்புறம் ஏன் எடுத்துகினு போற?"

"பேசாதத வெச்சிகினு ஆவடி மிலிட்டரி இன்னா பண்ணும்? திருமழிசையில ஒண்ணு மூணு நாளா வாயே தொறக்கல, ஊருக்கே இருக்கட்டும்னு உட்டுட்டு வந்தேன்."