துப்பாக்கி ஏறியது, கொப்பரை இறங்கியது

கொல்கத்தாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் டிக்ளேர் மாமாவைப் போல் பொய் சொல்லத் தெரியாத இன்னொரு ஜீவன் அகப்படாது. கரியாஹாட்டில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். பூஜா பந்தலைத் திறந்து வைக்கக் கூப்பிட்டால், மைக்கைப் பிடித்து, "பக்கத்துத் தெருப் பந்தல்தான் அழகு" என்று அறிவித்துவிட்டு ரிப்பனை வெட்டுவார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "சொஜ்ஜி பொண்ணு பண்ணலை. அவளுக்கு வெந்நீர் வெக்கவே வராது" என்றார். நல்லவேளை, மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

கல்யாணம் சென்னையில். அதே வாரம் அங்கே மூத்தவர்களுக்கான துப்பாக்கி சுடும் போட்டி. ரிடையரான பிறகு மாமாவுக்குப் பிடித்த பைத்தியம் அது. ஆகவே ரைஃபிளும் எங்களோடு கிளம்பியது.

என் மனைவி கமலா முன்னாலேயே சென்னைக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரே கட்டளை: "சீர்க் கொப்பரை நம்மாத்துலேர்ந்துதான் வரணும். அது குறைஞ்சா எனக்கு மனசு ஆறாது." சென்னைக்குக் கொப்பரைத் தேங்காய் கொண்டுபோவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. தலையாட்டிவிட்டேன். என் பெட்டி எடை மீறியதால் கொப்பரை மாமாவின் பெட்டிக்குள் போனது.

விமான நிலையத்தில் எங்கள் முறை வந்ததும் மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "ஐ டிக்ளேர் ஒன் ரைஃபிள்!"

வரிசை நாலடி பின்னால் போனது. ஒரு பெண்மணி கணவரை முன்னால் தள்ளி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

காவலர்கள் வந்தார்கள். லைசென்ஸைப் பார்த்தார்கள். துப்பாக்கி காலி, தோட்டா தனியாக, பெட்டிக்குப் பூட்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் மாமாவுக்கு சல்யூட் வைக்காத குறைதான்.

"ஆர் கிச்சு ஆச்சே, காக்கு?" வேறு ஏதாவது உண்டா என்று கவுன்டர் பெண் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் மாமாவின் காலை மிதித்தேன்.

"இருக்கும்மா. கொப்பரை" என்றார் மாமா. பிறகு என்னிடம், "ஏன் வெங்கட்டு காலை மிதிக்கறே?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும், ஆகவே விமானத்தில் ஏற்றக்கூடாதாம். ரைஃபிள் ராஜ மரியாதையோடு உள்ளே போக, கொப்பரை கைதானது. மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "வேணும்னா துப்பாக்கிய இங்கயே வெச்சுக்கோங்கோ. அதை மட்டும் விட்டுடுங்கோ. கல்யாண சீர்" என்று கெஞ்சினார். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த போட்டியை ஒரு பை கொப்பரைக்காக விட்டுக்கொடுக்கத் துணிந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். சட்டம் அசையவில்லை.

போட்டியில் மாமா கடைசி. அதை மண்டபத்தில் அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பை. மயிலாப்பூரில் அலைந்து வாங்கிய கொப்பரை.

கமலா பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "நம்மாத்துலேர்ந்து வந்ததுதானே மாமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. மாமா அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

கமலா பூரித்துப் போய்த் தட்டில் அடுக்கினாள். மாமாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. என் காதருகே குனிந்து, "மனசு கேக்கலைடா. போய் டிக்ளேர் பண்ணிடட்டுமா?" என்றார்.

தாலி ஏறும்வரை அவர் கையை நான் விடவில்லை. ஏறிய பிறகும் விட மனம் வரவில்லை.