செவத்தியைக் கொடுத்து வாங்கிய ட்ரம்

என் வீட்டுக்காரர் சங்கையா நாற்பத்தாறாவது வயதில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த உலகத்துக்குத் தாளம் போடுவது அவர் பொறுப்பு. அதுவரை உலகம் தாளம் தப்பித்தான் சுற்றிக்கொண்டிருந்ததாம். முடிவை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

ஆடி மாதத்து வியாழக்கிழமை. மழை சற்று விட்டு, மேகம் தேயிலைச் செடி மேல் இறங்கிக் கிடந்த மத்தியானம். பால் செம்போடு தொழுவத்துக்குப் போனேன். தொழுவத்தில் கயிறு இல்லை. கயிற்றின் மறுமுனையில் நிற்க வேண்டிய செவத்தியும் இல்லை.

செவத்தி என் பசு. போடியிலிருந்து என்னோடு மெட்டு ஏறி நடந்தே வந்தவள். கன்றாக இருந்தபோது என் முந்தானையைத் தின்றவள். இந்த எஸ்டேட்டில் என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்கிற ஒரே ஜீவன். நான் பதறிப்போய் வாசலுக்கு வந்தால், பாதையில் இரண்டு ஆட்கள் தலைச்சுமையோடு ஏறி வருகிறார்கள். பின்னால் இவர். குடை ஒன்றுதான். அதைத் தன் தலைக்குப் பிடிக்காமல் சுமைக்குப் பிடித்துக்கொண்டு நனைந்து வந்தார்.

“ஏங்க, செவத்தி எங்க?”

“முதல்ல இதைப் பாரு அழகு.”

“பாத்துட்டேன். செவத்தி எங்க?”

“சீமை ட்ரம். பெருசு ஒண்ணு, கால்ல மிதிச்சு அடிக்கிறது. சின்னது ஒண்ணு, குச்சியால அடிக்கிறது. ஜால்ரா மாதிரி தட்டு ஒண்ணு. மூணும் சேந்து ஒரு செட்டு.”

“மாட்டைக் கேட்டேன்.”

“பெரியமுத்து வீட்ல நல்லா இருக்கு.”

பெரியமுத்து மூணாறில் துரைமார் கிளப்பில் பட்லர். கிளப்புக்குப் பம்பாயிலிருந்து புது ட்ரம் வருகிறதாம். பழசை, சத்தம் செத்துப்போச்சு, எடுத்துக்கிட்டுப் போ என்று பட்லர் தலையில் கட்டிவிட்டார்கள். பட்லர் வீட்டில் பச்சைக் குழந்தை, பாலுக்கு மாடு தேடிக்கொண்டிருந்தார். மாடு தேடுகிறவரும் ட்ரம் தேடுகிறவரும் கடைவீதியில் சந்தித்துவிட்டார்கள்.

“பால் கறக்குற மாட்டைக் குடுத்துட்டு, செத்த மாட்டுத் தோலை வாங்கிட்டு வந்திருக்கீக.”

“மாட்டுத் தோல் இல்ல,” என்று திருத்தினார். “கன்னுக்குட்டித் தோலு.”

நான் செம்பைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் எறிந்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

காரணம் கேட்டேன். எங்கள் எஸ்டேட் துரை லீவில் சீமைக்குப் போகிறார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப் எல்லோரும் சேர்ந்து அவருக்கு டீ பார்ட்டி. தொழிற்சாலையில் மிஷின் பார்க்கிற பக்கத்து வீட்டு பிட்டர் சுவக்கீன் பிடில் வாசிப்பார். கூட ஒரு ட்ரம் இருந்தால் அது பேண்டு. இல்லாவிட்டால் வெறும் பிடில்.

“பத்தொம்பது வருசமா பேக்டரி ஸ்டோர்ல ரைட்டரா இருக்கேன் அழகு. துரை என்னை ஒரு நாள் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘ரைட்டர், இங்க வா. ரைட்டர், அங்க போ.’ அந்த வாயால ஒரு தடவை ‘சங்கையா’ன்னு வரணும். அது போதும் எனக்கு.”

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஒரு சொட்டு. அதற்குள் அவர் ட்ரம்மை முன்னறையில் வைத்து ஒரு அடி அடித்தார்.

நனைந்த சாக்கை மச்சிலிருந்து தள்ளிவிட்ட சத்தம். கொழுந்து பறித்துவிட்டு அந்த வழியாகப் போன ராமுத்தாய் வாசலில் நின்றாள்.

“ரைட்டரம்மா, அரிசி மூட்டை விழுந்துருச்சா?”

“இல்ல, ரைட்டரய்யா எந்திரிச்சிருக்காக.”

இவர் திருகாணிகளை முறுக்கினார். ஒரு பக்கத்தில் ஆரம்பித்து, கைக்கு எட்டிய நாலையும் ஒரே மூச்சில் முறுக்கினார். வளையம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் தலைப்பாகை மாதிரி நின்றது. மறுபடி அடித்தார். இப்போது இரண்டு சாக்கு விழுந்தது.

“சின்ன ட்ரம். அதான் சத்தம் இல்ல,” என்றார்.

“ஈரத் தோலு. அதான் சத்தம் இல்ல. அடுப்புப் பக்கத்துல வைங்க. கூலி லைன்ல தப்பு மேளம் அடிக்கிறவுக வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டித்தான அடிக்கிறாக.”

“அது தப்பு. இது சீமை ட்ரம். லண்டன்ல அடுப்புல வாட்டியா வாசிக்கிறாக?”

“லண்டன்ல ஆடி மாசம் இல்ல.”

“ஒரு தீக்குச்சி இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. துரைமார் சாமான், தெரிஞ்சுக்க.”

எனக்கு வேறு சில விஷயங்களும் தெரியும். நான் கான்வென்டில் படித்தவள். அங்கே காலையில் டிரில். இருநூறு பெண்கள் கால் மாற்றி நடப்பதற்கு ஒருத்தி ட்ரம் அடிக்க வேண்டும். அந்த ஒருத்தி நாலு வருஷம் நான்தான். தோல் தொங்கினால் மதர் முழங்கையில் பிரம்பால் கேட்பார். இதை நான் கல்யாணமான பிறகு சொல்லவில்லை. பதினாறு வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டுதான்: ‘சோறு ஆச்சா?’, ‘என் செருப்பு எங்க?’

சரி, செவத்தியை மீட்பது எப்படி? ட்ரம் நன்றாக இல்லை என்று சண்டை போட்டால் நடக்காது. என் வீட்டுக்காரர் தோற்றதை ஒப்புக்கொள்ளும் ஜாதி இல்லை. பென்ஷன் வாங்கும் நாள்வரை சாக்குத் தள்ளுவார். ஆகவே வேறு வழி யோசித்தேன். இந்தச் செத்த ட்ரம் பேச வேண்டும். பேசுகிற பேச்சில், கொடுத்தவனே திரும்பக் கேட்டு வர வேண்டும்.

மறுநாள் அவர் தொழிற்சாலைக்குப் போனதும் சேலையைச் சொருகிக்கொண்டேன். திருகாணி எல்லாவற்றையும் தளர்த்தினேன். சின்ன ட்ரம்மை அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, அப்பளம் காய வைப்பதுபோல் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் வைத்தேன். பிறகு ஒரு திருகாணி, அதற்கு நேர் எதிரே ஒரு திருகாணி, அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று. பக்கத்துக்குப் பக்கம் போகவே கூடாது. விரலால் ஓரத்தைச் சுற்றித் தட்டி, எல்லா இடமும் ஒரே குரலில் பேசுகிறதா என்று பார்த்தேன். பெரிய ட்ரம்முக்கு வேறு வியாதி. அடித்தால் சத்தம் நிற்காமல் குகைக்குள் தும்மியதுபோல் முழங்கியது. வளையத்தைக் கழற்றி, தோலை ஒட்டினாற்போல் உள்ளே ஒரு கம்பளித் துணியை மடித்து வைத்தேன். கைக்குக் கிடைத்த கம்பளி, அவருடைய மப்ளர். தட்டைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி, அவருடைய பழைய தொப்பியில் ஒரு காசளவு வெட்டி அடியில் கொடுத்தேன். கடைசியாக, காலி டீப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் சின்ன ட்ரம்மை உட்கார வைத்தேன். பலகைப் பெட்டி, உள்ளே வெறும் காற்று. வீணைக்குக் குடம் மாதிரி.

ஒரே ஒரு அடி அடித்துப் பார்த்தேன். எதிர்மலை பதில் சொன்னது.

சாயங்காலம் அவர் வந்து குச்சியைத் தூக்கினார். அடித்தார். குச்சியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். டீப்பெட்டியைப் பார்க்கவில்லை.

“அழகு, கேட்டியா?”

“கேட்டேன்.”

“எல்லாம் மணிக்கட்டுல இருக்கு. நேத்து மணிக்கட்டு பழகல. இன்னைக்குப் பழகிருச்சு.”

“ஒரே நாள்லயா?”

“சில பேருக்கு அப்படித்தான்.”

அன்றிலிருந்து மணிக்கட்டுக்கு ராஜ மரியாதை. இரவு நல்லெண்ணெய். காலையில் வெந்நீர். தொழிற்சாலையில் பேனா பிடிப்பதற்குக்கூட யோசித்தாராம். பகலில் நான் தோலை வாட்டுவேன். சாயங்காலம் அவர் மணிக்கட்டைப் புகழ்வார். இடையில் ஒரே ஒரு குறை.

“என் மப்ளரைப் பாத்தியா?”

“நல்ல இடத்துலதான் இருக்கும். தேடுங்க.”

செவ்வாய்க்கிழமை போடிமெட்டில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. புதன்கிழமை பட்லர் பெரியமுத்து கோட்டு நனைய எங்கள் வாசலில் நின்றார். கிளப்பின் புது ட்ரம் சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாம். சனிக்கிழமை துரைமார் டான்ஸ். ட்ரம் இல்லாவிட்டால் செக்ரட்டரி துரை இவரையே அடித்துத் தாளம் போடுவாராம்.

“அய்யா, பழசைத் திருப்பிக் குடுத்துருங்க. மாட்டை ஓட்டிட்டு வந்துர்றேன்.”

“கேளும்,” என்றார் இவர். ஒரு உருட்டு உருட்டினார். பெரியமுத்து வாயைப் பிளந்தார்.

“அய்யா, கிளப்புல ஏழு வருசம் இருந்துச்சு. ஒரு நாள் இப்படிப் பேசல.”

“மணிக்கட்டு வேணும்ல. யானையைக் குடுத்தாலும் தரமாட்டேன்.”

பட்லருக்கு நான் காப்பி கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். “கடுங்காப்பியா அம்மா?”

“பால் உங்க வீட்லல்ல இருக்கு.”

பாவம், தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். வழியனுப்புகிற சாக்கில் வேலிவரை கூடப் போனேன்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்ல இருங்க. அய்யாவே ட்ரம்மைக் கொண்டாருவாக. அடிச்சா சாக்கு மாதிரி இருக்கும். ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டு மாட்டைக் குடுத்துருங்க. குழந்தைக்கு தினம் ஒரு படி பால் நான் அனுப்புறேன்.”

“சாக்கு மாதிரி இருந்தா டான்ஸுக்கு என்ன பண்ணுவேன்?”

சொன்னேன். அடுப்பு, எதிர்த்திருகாணி, டீப்பெட்டி, எல்லாம். “ஞாயித்துக்கிழமை பார்ட்டிக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் கொண்டாந்து குடுங்க,” என்றும் சொன்னேன். மனுஷன் போகும்போது மழையில் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை நான் தோலை வாட்டவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். மேகம் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து ட்ரம் மேல் உட்கார்ந்தது. சாயங்காலம் அவர் அடித்தார். சாக்கு விழுந்தது. எண்ணெய் போட்டு மறுபடி அடித்தார். மூட்டையே விழுந்தது.

“அழகு, மணிக்கட்டு போயிருச்சு.”

“ஒரே நாள்லயா?”

அன்று சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முகத்தில் ஒரு புது வெளிச்சம். அந்த வெளிச்சம் எனக்குப் பழக்கம். யாரையோ ஏமாற்றப் போகிறார்.

“கை மேல தப்பில்ல. தோலு தேஞ்சு போச்சு. பெரியமுத்துக்கு அது தெரியவா போகுது? அவன் புதன்கிழமை கேட்ட சத்தம் இன்னும் அவன் காதுல நிக்குது. அது அடங்குறதுக்குள்ள தள்ளிவிட்டு, மாட்டை ஓட்டிட்டு வந்துர்றேன்.”

“பாவமில்லையா?”

“உனக்கு உலகம் தெரியாது.”

விளக்கு வைக்கும் நேரத்தில் செவத்தி பாதை ஏறி வந்தாள். என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கயிற்றைப் பிடித்திருந்த இவரும் கூடவே ஓடி வந்தார். அடித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டானாம், மடையனாம். அன்று பால்காப்பி குடித்துக்கொண்டே பட்லரின் முட்டாள்தனத்தை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை முன் கொட்டகையில் பார்ட்டி. துரை, துரைசானி, கேக்கு எல்லாம் வந்தாச்சு. ‘ட்ரம் கெட்டுப்போச்சு, என்ன செய்ய’ என்று சுவக்கீனிடம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பெரியமுத்து ஆள் வைத்து ட்ரம்மை இறக்கினார். கூடவே ஒரு டீப்பெட்டி. தணல் போட்ட ஒரு கங்குச்சட்டி.

“நேத்து டான்ஸு அமர்க்களம் அய்யா. உங்க மப்ளர் இன்னும் பெரிய ட்ரம்முக்குள்ளதான் இருக்கு. அதை எடுத்தா சத்தம் கெட்டுரும்னு அம்மா சொல்லியிருக்காக.”

இவர் ட்ரம்மைப் பார்த்தார். டீப்பெட்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன்.

“உக்காருங்க அண்ணாச்சி,” என்று சுவக்கீன் பிடிலைத் தோளில் வைத்தார். துரை எதிரே. தப்ப முடியாது. உட்கார்ந்தார்.

சத்தம் பிரமாதம். அதுதான் தொல்லை. சாக்காக இருந்தவரை எது சரி, எது தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு தப்பும் மணி மணியாகக் கேட்டது. அவர் கையும் காலும் பேச்சுவார்த்தை அற்ற பங்காளிகள். பிடில் ஒரு வழி போனது, ட்ரம் ஒரு வழி போனது. துரைசானி காதில் கை வைத்தார்.

“மதினி, காப்பாத்துங்க,” என்றார் சுவக்கீன் என் பக்கம் சாய்ந்து. பக்கத்து வீட்டுக்காரர். பகலில் ஜன்னல் வழியாக நான் தோல் சோதித்த சத்தம் அவர் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

கான்வென்டில் எனக்குப் பொறுமை கற்றுத்தரவில்லை. எழுந்து போய்க் குச்சியை வாங்கினேன். “எந்திரிங்க,” என்றேன். எழுந்தார். இருநூறு பெண்கள் கால் மாற்றி நடந்த அந்த அடியை எடுத்தேன். சுவக்கீன் பிடித்துக்கொண்டார். கொட்டகைக்கு வெளியே லைன் ஜனங்கள் கூடிவிட்டார்கள். ராமுத்தாய் தோளை ஆட்டினாள். துரைசானியின் பூட்ஸ் தரையைத் தட்டியது.

“எங்க படிச்ச இதை?” என்றார் இவர் என் காதருகில்.

“கான்வென்ட்ல. நாலு வருசம்.”

“சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

மூன்றாம் பாட்டுக்குள் மேகம் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. தோல் தொங்க ஆரம்பித்தது. பெரியமுத்து கங்குச்சட்டியையும் அடுப்பு ஊதுகுழலையும் இவர் கையில் கொடுத்தார். இவர் குந்தி உட்கார்ந்து, கன்னம் உப்ப ஊதினார். சாம்பல் பறந்து மீசையில் ஒட்டியது.

துரை என்னவோ கேட்டார். சுவக்கீன், “ட்ரம் வாசிக்கிறது மிஸஸ் சங்கையா சார்,” என்றார். துரைக்கு ஒரே சந்தோஷம். நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“சங்கையா, இன்னும் நல்லா ஊது.”